மூன்றாம் நம்பர் அதிரவில்லை

தண்டையார்பேட்டையில் கால்வாயை ஒட்டி ஒரு மின்சார நிலையம் இருந்தது. அதில் நீராவியால் சுற்றும் மூன்று டர்பைன்கள். ஒன்றாம் நம்பர் செத்துவிட்டது. இரண்டாம் நம்பர் கத்திக்கொண்டே ஓடியது. மூன்றாம் நம்பர், ஐம்பத்தொன்றாம் வருஷம் ஆடி மாதத்தில், நடுங்க ஆரம்பித்தது.

அதை முதலில் கண்டுபிடித்தவன் கமால். கண்டுபிடிக்க அவன் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. பேரிங் மூடியின் மேல் டீ கிளாஸை வைத்தான். டிரைவர்கள் எல்லோரும் அங்கேதான் வைப்பார்கள்; டீ ஆறாமல் இருக்கும். அன்றைக்கு அந்தக் கிளாஸ் அவன் கண்ணெதிரே பொடிநடையாக நகர்ந்து ஓரத்துக்குப் போய் விழுந்து உடைந்தது.

கமால் அந்த இயந்திரத்துக்குப் பதினோரு வருஷமாக டிரைவர். நீராவி உள்ளே போகிற முனையில், அதாவது தலைமாட்டில், எட்டு மணி நேரம் நின்று, நீராவி வால்வைத் திறந்து மூடி, மணிக்கொரு தரம் நோட்டில் எழுதுவது அவன் வேலை. இதே மாதிரி தலைமாட்டில் நின்றவன்தான் ஒன்றாம் நம்பர் டிரைவர் முப்பிடாதி. நாலு வருஷத்துக்கு முன் ஒரு நாள் ஒன்றாம் நம்பர் நடுங்கிற்று. உள்ளே சக்கரத்தில் ஒரு பிளேடு முறிந்தது. கைவிரல் நீளம்கூட இல்லாத இரும்புத் துண்டு. அது போனதும் சக்கரம் ஒரு பக்கம் கனத்து, மொத்த இயந்திரமும் குதித்து, எண்ணெய்க் குழாய் பிய்ந்து, கொதித்துக் கிடந்த நீராவிக் குழாய் மேல் எண்ணெய் கொட்டித் தீப்பிடித்தது. முப்பிடாதியைச் சாக்கில் கட்டித்தான் வெளியே கொண்டுவந்தார்கள். அதற்கு ஒரு விசாரணை நடந்தது. 'மேற்படி நபர் மேற்படி நேரத்தில் மேற்படி இடத்தில் நின்றதே விபத்துக்குக் காரணம்' என்று முடிவு எழுதினார்கள்.

ஆகவே கமால் நோட்டை இழுத்து வைத்து எழுதினான்: 'நடுக்கம் ஜாஸ்தி. உள்ளே பிளேடு ஒன்று கெட்டிருக்கும். நிறுத்தித் திறந்து பார்க்கவும்.'

நோட்டு வைத்திருந்த மேஜையும் இயந்திரத்தோடு சேர்ந்து நடுங்கியதால் எழுத்துகள் கோணல்மாணலாக விழுந்தன.

நோட்டு சூப்பரின்டெண்ட் ஆறுமுகநயினாரிடம் போயிற்று. அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை போடுகிறவர். அதனாலேயே இயந்திரக் கூடத்துக்குள் வருஷத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜைக்கு மட்டும் வருவார். அவர் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுத்தையும் பார்த்தார். கமாலைக் கூப்பிட்டார்.

"நடுங்குவது இயந்திரம் என்று நீ சொல்கிறாய். எழுத்தைப் பார்த்தால் நடுங்குவது நீ என்று தெரிகிறது. முதலில் உன்னைப் பரிசோதிக்க வேண்டும். மனிதக் கோளாறு இல்லை என்று நிரூபணமானால்தான் இயந்திரக் கோளாறு என்ற பேச்சுக்கே போகலாம். இதுதான் விஞ்ஞான முறை."

"சார், நீங்க ஒரு தபா உள்ள வந்து கைய வெச்சிப் பாருங்க சார். தெரிஞ்சிடும்."

"நான் கை வைத்தால் அது என் அபிப்பிராயம் ஆகிவிடும். இலாகாவுக்கு அபிப்பிராயம் கிடையாது."

கமாலை டாக்டரிடம் அனுப்பினார்கள். டாக்டர் அவன் கைகளை நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு காகிதத்தைப் போட்டு ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தார். காகிதம் ஆடவில்லை. 'கைநடுக்கம் இல்லை, வயிற்றில் பூச்சி உண்டு' என்று சான்றிதழ் கொடுத்தார். ஆறு மாத்திரையும் கொடுத்தார்.

எண்ணெய் ஊற்றுகிற ஜெயவேல் அந்த மாத்திரைகளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"மிசினுக்கு நடுக்கம், ஒனக்குப் பூச்சி மாத்திரையா? இன்னா மாமு இது, பேஜாரா கீது. பேசாம இத்த மிசின் வாய்லயே போட்டுடு."

"சிரிக்காதடா. அது பொட்டுனு போச்சின்னா மொதல்ல நான், அடுத்தது நீ."

"அதான் சிரிக்கறேன். அழுதா மட்டும் நிக்கப் போவுதா?"

கமாலின் கை சரியாக இருந்ததால், விதிப்படி ஒரு குழு போட வேண்டியதாயிற்று. 'சுழலும் தகடுகளின் அதிர்வை ஆய்வதற்கான உயர்மட்டக் குழு' என்று அதற்குப் பெயர். மூன்று பேர். தலைவர் ஞானதுரை, தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர். யுத்தத்துக்கு முன் சீமைக்குப் போய் ஒரு டர்பைன் தொழிற்சாலையை வெளிவாசலில் நின்று பார்த்திருக்கிறார். அன்று அங்கே விடுமுறை. இரண்டாமவர் சண்முகவேல், உதவி எஞ்சினியர். சபாவில் பாடுகிறவர் என்பதால் சப்த நிபுணர். மூன்றாமவர் ஆறுமுகநயினார்.

குழு கூடுவதற்குப் பத்தொன்பது நாளாயிற்று. அந்தப் பத்தொன்பது நாளும் கமால் நடுங்குகிற இயந்திரத்தின் பக்கத்தில் நின்றான். உட்காரவில்லை. ஒரு கால் எப்போதும் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மத்தியானச் சோற்றை நின்றபடியே தின்றான். வீட்டில் படுக்கும்போதும் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது என்று அவன் மனைவி ஜஹானாரா சொன்னாள்.

குழு வந்தபிறகு இயந்திரத்தை நிறுத்தினார்கள். மேல்மூடியைக் கிரேனால் தூக்கி, நடுத்தண்டை அதில் கோத்திருந்த சக்கரங்களோடு வெளியே எடுத்து மரக்கட்டைகளின் மேல் வைத்தார்கள். எட்டாவது சக்கரத்தில் சுற்றிலும் தொண்ணூற்றாறு பிளேடுகள், சூரியகாந்திப் பூவின் இதழ் மாதிரி. ஞானதுரை தொழிலாளர்களை நிற்க வைத்து ஒரு சொற்பொழிவு செய்தார்.

"ஒவ்வொரு பிளேடுக்கும் ஒரு சுருதி உண்டு. தட்டினால் அந்தச் சுருதியில் ஒலிக்கும். நீராவி இடைவிடாமல் அடிக்கும்போது அந்த அடியும் பிளேடின் சுருதியும் ஒன்றாகிவிட்டால், பிளேடு ஆட ஆரம்பிக்கும். ஆடி ஆடி அடியில் விரிசல் விடும். விரிசல் விட்டதன் சுருதி இறங்கிவிடும். இது மிகவும் சிக்கலான விஷயம். உங்களுக்குப் புரியாது."

"மண்பானை வாங்கறப்போ எங்க வூட்டுக்காரி தட்டிப் பாக்கறா மாதிரி சார்" என்றான் கமால்.

"அல்ல" என்றார் ஞானதுரை.

சீமையில் பிடில் வில்லால் பிளேடின் விளிம்பைத் தேய்த்துச் சுருதி பார்க்கிறார்களாம். ஆகவே பிடில் வில் வேண்டும். ஸ்டோருக்கு எழுதினார்கள். 'இசைக்கருவிகளைத் தொழிலாளர் நலப் பிரிவின் பெயரில்தான் வாங்க முடியும். நலப் பிரிவுக்கு அனுமதிக்கப்பட்ட இசைக்கருவி ஆர்மோனியம் மட்டுமே' என்று பதில் வந்தது. ஆர்மோனியம் வந்தும் சேர்ந்தது. பிடில் வில்லை ராயபுரம் மாதா கோவிலில் வாசிக்கிறவரிடம், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குள் திருப்பித் தருவதாக எழுதிக்கொடுத்துக் கடன் வாங்கினார்கள்.

பரிசோதனைக்கு நிசப்தம் வேண்டும். எனவே ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் நம்பரையும் மூன்று நாள் நிறுத்தினார்கள். அந்தப் பக்கத்துப் பட்டறைகள் மூடிக் கிடந்தன. மாவு மில்காரர்கள் வாசலில் உட்கார்ந்து சீட்டாடினார்கள். உள்ளே ஜமக்காளம் விரித்து, சண்முகவேல் சம்மணம் போட்டு அமர்ந்து, ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். துருத்தியை ஜெயவேல் ஊதினான். வில்லைக் கமால் தேய்த்தான்.

ஒன்று, இரண்டு, மூன்று. பிளேடுகள் மெல்லிய குரலில் 'ஈங்' என்று முனகின. சண்முகவேல் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். இருபத்தேழாவதுக்கு 'ஆஹா' என்றார். அது குறிப்பில் ஏறிற்று.

இரண்டாம் நாள் மத்தியானம் அறுபத்தொன்றாம் பிளேடுக்கு வந்தார்கள். கமால் வில்லை இழுத்தான். குரல் எழவில்லை. இன்னொரு தடவை இழுத்தான். பிறகு வில்லைக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்த சின்னச் சுத்தியலால் அறுபதைத் தட்டினான். 'டிங்' என்றது. அறுபத்தொன்றைத் தட்டினான். 'டொக்' என்றது. அறுபத்திரண்டு 'டிங்'.

ஜெயவேல் துருத்தியை விட்டுவிட்டான். கூடத்தில் நின்ற அத்தனை தொழிலாளிகளும் அந்த 'டொக்'கைக் கேட்டார்கள். கமால் சுண்ணாம்புக் கட்டியால் அந்தப் பிளேடின் மேல் ஒரு கோடு போட்டான்.

"சார், இதான் சார். அடில விரிசல் கீது. இத்த மட்டும் கழட்டி வேற போட்டா போதும். ஸ்பேர் பொட்டியில கீது. ரெண்டு நாள் வேல."

ஞானதுரை அவனைப் பார்க்கவில்லை. சண்முகவேலைப் பார்த்தார்.

"தொழிலாளிக்குக் கேட்பது சத்தம். நிபுணருக்குக் கேட்பது சுருதி. நாம் சத்தத்தை ஆராய வரவில்லை. உமக்கு என்ன கேட்டது?"

"சார்... அதில் ஒரு பிசிறு தட்டினது போல..."

"பிசிறு பிளேடில் இருக்கிறதா, உம்முடைய காதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. காதுப் பரிசோதனைக் குழு ஒன்று போடலாமா? உமது பதவி உயர்வுக் கோப்பு என் மேஜையில்தான் இருக்கிறது. கொஞ்ச நாள் தள்ளிப்போகும், பரவாயில்லையா?"

"வேண்டாம் சார். எனக்கு ஜலதோஷம்."

"ஜலதோஷம் என்று எழுதிக்கொள்ளும்" என்றார் ஞானதுரை ஆறுமுகநயினாரிடம். அவர் எழுதிக்கொண்டார். அரசாங்கச் சொத்தில் அனுமதியின்றிப் போட்ட சுண்ணாம்புக் கோட்டை அழிக்கும்படியும் உத்தரவாயிற்று. கமாலே அழிக்க வேண்டும் என்றார்கள். கமால் கையை நீட்டாமல் நின்றான். ஜெயவேல் துணியால் துடைத்தான்.

மூன்றாம் நாள் ஞானதுரை முடிவைப் படித்தார். தொண்ணூற்றாறு பிளேடுகளின் சுருதியையும் கூட்டித் தொண்ணூற்றாறால் வகுத்ததில், சராசரிச் சுருதி திருப்திகரமாக இருந்தது. ஆகவே சக்கரம் பூரண ஆரோக்கியம்.

"சார்" என்றான் கமால். "எங்க தெருவுல தொண்ணூத்தாறு பேரு கீறாங்கன்னு வெச்சிக்குங்க. ஒர்த்தன் செத்துட்டான். அப்போ சராசரியா எல்லாரும் துளித் துளி செத்தாங்கன்னு சொல்லி, பொணத்த எடுக்காம வுட்டுடுவீங்களா?"

"கணிதத்தில் பிணம் கிடையாது" என்றார் ஞானதுரை.

குழு கையெழுத்துப் போட்டது. இயந்திரத்தை மூடினார்கள். வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, பாண்டு வாத்தியத்துடன், பிரமுகர்கள் முன்னிலையில் மூன்றாம் நம்பர் மறுபடி இயக்கப்படும். நீராவி வால்வைத் திறந்து தலைமாட்டில் நிற்பவர் டிரைவர் கமால்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கமால் ராயபுரத்து வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான். ஜஹானாரா மீன் அரிந்துகொண்டிருந்தாள். இந்தக் கோடிக்கு ஆறடி, அந்தக் கோடிக்கு ஆறடி. நாலு தடவை அவள் காலை மிதிக்கப் பார்த்தான்.

"குந்து கொஞ்சம். தல சுத்துது எனக்கு" என்றாள். "வியாயக்கெயமை வேலைக்குப் போவாத. காய்ச்சல்னு சொல்லி அனுப்பு."

"நான் போவலன்னா ஜெயவேல நிக்க வெப்பாங்க. அவனுக்கு ரெண்டு பொண்ணு கீது."

"ஒனக்கு இங்க நான் கீறேன்ல?"

அவன் மறுபடி நடந்தான். அவள் அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். மிசின் நல்லா கீதுன்னு கையெழுத்துப் போட்ட மூணு பேரு, அன்னிக்கி எங்க நிப்பாங்க?"

கமால் நின்றான்.

"அவங்களும் ஒம் பக்கத்துலயே நிக்கட்டுமே. மரியாத பண்றா மாதிரி கூப்புடு. நாற்காலி போடு, மாலை வாங்கு. நிஜமா நல்லா இருந்தா வந்து குந்துவாங்க."

மறுநாள் காலையில் கமால் மனுக் கொடுத்தான். 'குழுவின் பெருமக்கள் மூவரும் இயந்திரத்தின் தலைமாட்டில், எனக்குப் பக்கத்தில் அமர்ந்து, அதை இயக்கிவைத்து ஆசீர்வதிக்க வேண்டும்.' ஞானதுரைக்கு மனு மிகவும் பிடித்துப்போயிற்று. தொழிலாளிகளிடையே இப்படி விசுவாசத்தைக் கண்டதில்லை என்றார். நிகழ்ச்சி நிரலிலேயே அச்சாகிவிட்டது.

வியாழக்கிழமை காலை தோரணம் கட்டியிருந்தார்கள். மரக்கடைக்காரர்கள், மில் மானேஜர்கள், கப்பல் சாமான் வியாபாரிகள் எல்லாம் கூடத்தின் அந்தக் கோடியில், யுத்தகாலத்தில் குண்டுக்குப் பயந்து அடுக்கி அப்படியே விட்டிருந்த மணல் மூட்டைச் சுவருக்கு அப்பால் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் நம்பர் ஒருபுறம் கத்திக்கொண்டிருந்தது. மூன்றாம் நம்பரின் தலைமாட்டில் மூன்று நாற்காலி.

ஞானதுரை தம் நாற்காலியைப் பார்த்தார். இயந்திரத்தைப் பார்த்தார். கமாலைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஒன்றாம் நம்பர் ஆள் நின்றது எந்த இடம்?"

"இதே மாதிரி எடந்தான் சார். அங்க அந்த மிசின், இங்க இந்த மிசின். ஒங்க நாற்காலி போட்டிருக்கற எடம்."

"எனக்கு உஷ்ணம் ஆகாது. டாக்டர் சொல்லியிருக்கிறார். தலைவர் என்பவர் தூரத்தில் நின்று முழுமையாகப் பார்ப்பதுதான் முறை" என்று ஞானதுரை மணல் மூட்டைக்குப் பின்னால் போனார்.

சண்முகவேலுக்கு நீராவி தொண்டைக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை கச்சேரி இருந்தது. போனார். ஆறுமுகநயினார் மட்டும் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். மேலதிகாரிகள் நிற்கும்போது தாம் உட்காருவது ஒழுங்கீனம் என்றார். அவரும் போனார். மூன்று தலைகள் மணல் மூட்டைக்கு மேல் வரிசையாகத் தெரிந்தன.

"அஞ்ச வேண்டாம்!" என்று ஞானதுரை அங்கிருந்தே கூவினார். "விஞ்ஞானம் உன் பக்கத்தில் நிற்கிறது!"

கைக்குட்டையை ஆட்டினார். கமால் வால்வுச் சக்கரத்தில் கை வைத்தான். அது ஜில்லென்று இருந்தது. எண்ணெய்ப் பம்புக்குப் பக்கத்தில் நின்ற ஜெயவேல் உதட்டை நக்கினான். கமால் கையை எடுத்தான். ஜெயவேலின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே நடந்துபோய் மணல் மூட்டைக்குப் பின்னால் ஞானதுரையின் பக்கத்தில் நின்றுகொண்டான்.

"இங்கே ஏன் வந்தாய்?"

"அங்க நின்னா ஆபத்துன்னு நீங்களே இங்க வந்து நிக்கறீங்க. நீங்க பட்ச்சவங்க. ஒங்களப் பாத்துத்தான் சார் நாங்க நடந்துக்கணும்."

கைக்குட்டை ஆடியதும் வாசிக்க வேண்டும் என்பது பாண்டுக்காரர்களுக்குச் சொல்லியிருந்த உத்தரவு. அவர்கள் வாசித்தார்கள். பாண்டு முழங்கியதும் பிரமுகர்கள் கை தட்டினார்கள். ஓடுகிற இரண்டாம் நம்பரின் சத்தம் கூடமெங்கும் நிறைந்திருந்தது. எந்த இயந்திரம் கத்துகிறது என்று வெளியாளுக்கு எப்படித் தெரியும்? ஒரு மரக்கடைக்காரர் ஆர்வம் தாங்காமல் மூட்டையைச் சுற்றிக்கொண்டு ஓடி, மூன்றாம் நம்பரின் மேல் ஓரணாக் காசை விளிம்பில் நிறுத்திவைத்தார். காசு நின்றது.

"அசையலையே! அடேயப்பா!"

எல்லோரும் ஓடினார்கள். எல்லோரும் காசு நிறுத்தினார்கள். எல்லாக் காசும் நின்றன. ஞானதுரை மெதுவாக, ஒவ்வோர் அடியாக வந்து, ஒற்றை விரலால் இயந்திரத்தைத் தொட்டார். பிறகு முழு உள்ளங்கையையும் வைத்தார். அவர் முகம் மலர்ந்தது.

"இம்மி அதிர்வுகூட இல்லை! கனவான்களே, இதுதான் எங்கள் இலாகா!"

"ஜில்லுன்னு இருக்கே" என்றார் ஒரு மில் மானேஜர்.

"நல்ல இயந்திரம் சூடாகாது" என்றார் ஞானதுரை. அவருக்கு மாலை போட்டார்கள்.

ஆறுமுகநயினார் கமாலைத் தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். அவருடைய அலுவலகப் பேச்சு எங்கோ போய்விட்டது.

"ஏல, அது ஓடலைல்லா?"

"ஓடல சார்."

"யாருல இதை அவருகிட்டச் சொல்லுதது?"

"நீங்கதான் சூப்பரண்டு."

ஆறுமுகநயினார் மாலையும் கழுத்துமாக நின்ற தலைவரைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"நோட்டுல எழுது. இயந்திரம் ஓடுகிறது. அதிர்வு பூஜ்யம்."

கமால் எழுதினான். அடுத்த மணிக்கும் எழுதினான். அவனுக்கு அடுத்த ஷிப்டுக்காரனும் எழுதினான். அதில் பின்பாதியைப் பொய் என்று சொல்ல இடமில்லை, அதிர்வு பூஜ்யம்தான்.

இலாகாவுக்கு அப்படியொரு இயந்திரம் அதற்கு முன் வாய்த்ததில்லை. மூன்றாம் நம்பருக்குக் கரிச் செலவு ஒரு மூட்டைகூட இல்லை என்று தலைமை அலுவலகம் பாராட்டி எழுதிற்று. உற்பத்தி அளவுமானி மட்டும் அசையாமல் கிடந்தது. மின்சாரம் போகிற வழியிலேயே நஷ்டமாகிறது என்று அதற்குக் காரணம் கண்டுபிடித்தார்கள். தண்டையார்பேட்டையில் பாதிப் பட்டறைக்கு மின்சாரம் இல்லை. ஜனங்கள் அளவுக்கு மீறி உபயோகிப்பதால் இந்த நிலை என்று அறிக்கை வந்தது.

கமாலுக்கு மட்டும் நிம்மதி இல்லை. எந்த நேரத்திலும் யாராவது ஒரு புது அதிகாரி வந்து வால்வைத் திறந்துவிடலாம். அறுபத்தொன்று உள்ளே விரிசலோடு அப்படியே நிற்கிறது. அவன் வால்வுச் சக்கரத்தைச் சங்கிலியால் கட்டி வைத்தான். கட்டியது அவிழவில்லையே என்று ஷிப்டுக்கு இருபது தடவை போய்ப் பார்த்தான்.

அப்படிப் போகும்போதும் வரும்போதும்தான், சுவரில் மாட்டியிருந்த விதிமுறைப் பலகை அவன் கண்ணில் ஒரு நாள் சரியாகப் பட்டது. பதினோரு வருஷமாக அங்கேயே தொங்குகிற பலகை. 'நாலாயிரம் மணி நேரம் ஓடிய டர்பைனைக் கட்டாயமாகத் திறந்து பழுது பார்க்க வேண்டும். பழுதுள்ள பாகங்களை டிரைவரே மாற்றலாம். தனி அனுமதி தேவையில்லை.'

"ஜெயவேலு, நோட்டுல இன்னிக்கி எவ்ளோ மணி ஆச்சி?"

"ஆயிரத்துச் சொச்சம். இன்னாத்துக்கு?"

"எழுது. ஒரு மணிகூட வுடாம எழுது."

"ஓடாத மிசினுக்கு இம்மாம் உஷாரா எழுதற ஒரே ஆளு நீதான் மாமு."

அன்றிலிருந்து கமால் மணிகளைத் துரத்தினான். ஞாயிறு, பொங்கல், பெருநாள் எதையும் விடவில்லை. ஷிப்டு மாறும்போது அடுத்தவன் ஐந்து நிமிஷம் தாமதித்தால்கூடக் கத்தினான். பங்குனி முடிகிற சமயத்தில் நோட்டில் நாலாயிரமாவது மணி ஏறியது. மை காய்வதற்குள் ஆறுமுகநயினாரிடம் கொண்டுபோய் நீட்டினான். விதிக்கு எதிராக அவர் ஒருநாளும் ஒன்றும் செய்ததில்லை. கையெழுத்துப் போட்டார்.

அன்று மத்தியானமே மூடியைத் தூக்கினார்கள். கமால் யாருக்கும் காத்திருக்கவில்லை. எட்டாவது சக்கரம், அறுபத்தொன்று. ஜெயவேல் பிளேடைப் பிடித்திருந்த ஆணியைத் தட்டி எடுத்தான். கமால் பிளேடைப் பிடித்து லேசாக அசைத்தான். அது அடியோடு முறிந்து அவன் கையில் வந்துவிட்டது. கரும்பைத் துண்டித்த மாதிரி முறிவு. அதில் முக்கால் பாகம் பழைய விரிசல், கறுத்துத் துருப்பிடித்திருந்தது. புதிதாக முறிந்த இடம் ஒரு அரிசி அகலம்தான் பளபளத்தது.

"அந்த அரிசி அகலந்தான் ஒட்டிக்கினு இருந்துக்கீது" என்றான் ஜெயவேல். அவன் சிரிக்கவில்லை.

கமால் தரையில் உட்கார்ந்துவிட்டான். எட்டு மாதத்தில் அந்தக் கூடத்தில் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

செய்தி கேட்டு ஞானதுரை வந்தார். முறிந்த பிளேடை வெல்வெட் துணியில் வைக்கச் சொன்னார்.

"பாருங்கள்! இத்தனை பெரிய விரிசலோடு நாலாயிரம் மணி நேரம் ஓடியிருக்கிறது. அதிர்வு பூஜ்யம்! சராசரி சரியாக இருந்தால் விரிசல் ஒன்றும் செய்யாது என்று நான் அன்றைக்கே சொன்னேன். இதைச் சீமைக்கு எழுதப் போகிறேன்."

கமால் ஸ்பேர் பெட்டியைத் திறந்தான். அவனுக்கு வேலை இருந்தது. இரண்டே நாளில் புதுப் பிளேடைக் கோத்தான். தொண்ணூற்றாறையும் சுத்தியலால் தட்டினான். தொண்ணூற்றாறும் 'டிங்' என்றன. மூடியை இறக்கினான். சங்கிலியை அவிழ்த்தான். தோரணம் இல்லை, பாண்டு இல்லை. வால்வுச் சக்கரத்தை அவனே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினான். உள்ளே நீராவி சீறிற்று. தண்டு அசைந்தது, சுழன்றது, வேகம் பிடித்தது. கூடத்தில் இரண்டு குரல்கள் சேர்ந்து கேட்டன. கமால் தலைமாட்டில் இரண்டு காலையும் நன்றாக ஊன்றி நின்றான். தண்டையார்பேட்டைப் பட்டறைகளில் மோட்டார்கள் சுற்றத் தொடங்கின.

அந்த வாரம்தான், குழு சீமைக்கு எழுதிக் கேட்டிருந்த அதிர்வுமானி வந்து சேர்ந்தது. முள் வைத்த கடிகாரம் மாதிரி ஒரு கருவி. ஆறுமுகநயினார் வெள்ளைக் கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து அதைப் பேரிங் மேல் வைத்தார். முள் ஒரு கோடு அசைந்தது. ஓடுகிற எந்த இயந்திரத்திலும் முள் ஒரு கோடாவது அசையும். ஆனால் இலாகாவின் நோட்டில் நாலாயிரம் பூஜ்யங்கள் வரிசையாக இருந்தன.

நாலாம் நாள் கமாலுக்கு மெமோ வந்தது.

'நாலாயிரம் மணி நேரம் எவ்வித அதிர்வுமின்றி ஓடிய மூன்றாம் நம்பர் இயந்திரம், தாங்கள் பிளேடை மாற்றியபின் ஒரு கோடு அளவுக்கு அதிர்கிறது. கரிச் செலவும் ஏற்பட்டுள்ளது. அரசாங்க இயந்திரத்தைக் கெடுத்ததற்குத் தங்கள் மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு விளக்கம் தரவும். விசாரணை முடியும் வரை, தங்கள் பாதுகாப்பை முன்னிட்டு, மேற்படி இயந்திரத்தின் அருகில் தாங்கள் நிற்பதற்குத் தடை விதிக்கப்படுகிறது.'

கமாலைக் கரி யார்டுக்கு அனுப்பினார்கள். அவன் விளக்கம் எழுதிக் கொடுத்தான். ஒரே வரி. 'ஐயா, இப்போது அது ஓடுகிறது.' விளக்கம் திருப்திகரமாக இல்லை என்று பதில் வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அவன் கால்வாய்ப் படகிலிருந்து இறக்கிய கரியை வாரிக்கொண்டிருந்தபோது ஜெயவேல் சிரித்துக்கொண்டே ஓடிவந்தான்.

"மாமு! அந்த மூணு பேரும் உள்ள வந்துக்கிறாங்க. ஓடுற மிசின் மேல சாஞ்சிக்கினு போட்டோ புட்ச்சிக்கினு கீறாங்க. பெரியவரு கைய தலைமாட்டுலயே ஊணிக்கினு கீறாரு. சொல்லிட்டு வரட்டா, ஏதனா பயங் காட்டி?"

கமால் கூடத்தின் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் காது கொடுத்தான்.

"வேணாம், நிக்கட்டும்டா" என்றான். "இப்போ அங்க நின்னா ஒண்ணும் ஆவாது."

மண்வெட்டியை எடுத்துக் கரியில் குத்தினான்.